நாக்கும் காலும்: ஹபீப் தன்வீரை முன்வைத்துச் சில எண்ணங்கள்

ஹபீப் தன்வீரைப் பற்றி எழுதுகிறவர்கள் கைவசம் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். நாட்டார் கலையையும் நவீன நாடகத்தையும் இணைத்தவர் என்பது அது. 2009 ஜூன் 8ஆம் தேதி அவர் போபாலில் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் நான் படித்தவை எல்லாமே இதைச் சொல்லின. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டு சொம்பிலிருந்து மூன்றாவது சொம்பில் ஊற்றிக் கலந்த மாதிரி. ஆனால் அவர் செய்த காரியத்தை இந்த வாக்கியம் விளக்குவதற்குப் பதில் மூடிவிடுகிறது என்பது என் எண்ணம். தன்வீர் சேர்த்தது கொஞ்சம், கழித்தது நிறைய. லண்டனில் கற்றதைக் கழித்தார். தான் கவிதை எழுதிய உருதுவை மேடையிலிருந்து கழித்தார். கடைசியில், இயக்குநர் என்ற பெயரில் தன் கையிலிருந்த அதிகாரத்தில் பெரும்பகுதியைக் கழித்தார். இதற்கு அவருக்குச் சுமார் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பதினைந்து ஆண்டுகளைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். நாடகம் எழுதுகிற, நாடகம் பற்றி எழுதுகிற நமக்கு அவருடைய வெற்றிகளைவிட அந்த இடைக்காலம்தான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1923 செப்டம்பர் 1ஆம் தேதி ராய்ப்பூரில் பிறந்தவர். ஹபீப் அகமது கான் என்பது இட்ட பெயர். தன்வீர் என்பது உருதுக் கவிஞராகத் தானே சூட்டிக்கொண்ட புனைபெயர். நாகபுரி மாரிஸ் கல்லூரியில் படிப்பு, பிறகு கொஞ்ச காலம் அலிகார். 1945இல் பம்பாய். ரேடியோ, சினிமா, முற்போக்கு எழுத்தாளர் சங்கம், இந்திய மக்கள் நாடக மன்றம் என்று அந்தத் தலைமுறை இளைஞர்கள் போன வழிகளிலெல்லாம் அவரும் போனார். சினிமா அவருக்குச் சோறு போட்டிருக்கும். 1954இல் அதை விட்டுவிட்டு டில்லிக்கு வந்தார். அந்த வருஷமே 'ஆக்ரா பஜார்'.

இந்த நாடகத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறந்த நஜீர் அக்பராபாதி என்ற ஆக்ரா கவிஞரைப் பற்றியது. நஜீர் வெள்ளரிப் பிஞ்சைப் பற்றியும் லட்டுவைப் பற்றியும், காசு, பசி, திருவிழா, நீச்சல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பற்றியும் தெருவில் பேசுகிற பாஷையில் பாடியவர். அக்காலத்து உருது விமர்சகர்கள் அவரைக் கவிஞர் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய வாழ்க்கை பற்றிய தகவல்களும் குறைவு. தன்வீர் இந்தக் குறையையே நாடகத்தின் அமைப்பாக ஆக்கிக்கொண்டார். நஜீரைப் பற்றிய நாடகத்தில் நஜீர் மேடைக்கு வருவதே இல்லை. அவருடைய பாடல்கள்தான் வருகின்றன, பக்கீர்களின் வாயிலும் வியாபாரிகளின் வாயிலும்.

மேடையில் ஒரு கடைத்தெரு. ஒரு பக்கம் புத்தகக் கடை, இன்னொரு பக்கம் பட்டம் விற்கிற கடை. புத்தகக் கடையில் கவிஞர்களும் விமர்சகர்களும் உட்கார்ந்து பாஷையின் சீரழிவைப் பற்றி, நல்ல கவிதைக்கு ரஸிகர் இல்லாமல் போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பட்டக் கடையில் நஜீரின் சிநேகிதர்கள். நடுவில் ஒரு வெள்ளரிப் பிஞ்சு வியாபாரி. அவன் சரக்கு விலை போகவில்லை. பாட்டுப் பாடி விற்றால் விற்கும் என்று அவனுக்கு யோசனை வருகிறது. அந்த வெள்ளரிக்கு ஒரு பாட்டு எழுதித் தரச் சொல்லிப் புத்தகக் கடைக் கவிஞர்களிடம் கெஞ்சுகிறான். துரத்துகிறார்கள். கடைசியில் நஜீரிடம் போய்ப் பாட்டு வாங்கி வருகிறான். சரக்கு விற்றுப் போகிறது. பிறகு லட்டுக்காரன், தர்பூசணிக்காரன் என்று ஆளாளுக்கு நஜீரின் பாட்டு.

சிறுபத்திரிகை நடத்துகிறவர்களும் அதில் எழுதுகிறவர்களும் இந்த நாடகத்தைப் பார்க்கிறபோது ஒரு சங்கடம் வராமல் இருக்காது. அந்தப் புத்தகக் கடையில் உட்கார்ந்திருப்பது யார் என்று நமக்குத் தெரியும். ஆனால் தன்வீரை இந்த இடத்தில் சரியாகப் படிக்க வேண்டும். ஜனரஞ்சகம் உயர்ந்தது, சிறு வட்டம் தாழ்ந்தது என்று சொல்கிற மலிவான நாடகம் இல்லை இது. நஜீரை அவர் ஜனங்களுக்குப் பிடித்தவர் என்பதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. விற்கிற சரக்கையெல்லாம் கலை என்று சொல்கிற புத்தி அவருக்கு என்றும் இருந்ததில்லை. அவர் கேட்கிற கேள்வி வேறு. கவிதைக்கு ஒரு குரல்வளை வேண்டும். அது யாருடைய குரல்வளை? எழுதியவனை மேடையிலிருந்து எடுத்துவிட்டாலும் கவிதை நிற்குமா? நஜீரின் கவிதை நின்றது. புத்தகக் கடைக் கவிஞர்களின் கவிதை அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போனதும் கூடவே எழுந்து போய்விடும் என்பதுதான் நாடகத்தின் குத்தல்.

இன்னொரு விஷயம். அந்த முதல் மேடையேற்றத்தில் ஜாமியா மில்லியா மாணவர்களோடு பக்கத்து ஓக்லா கிராமத்து ஜனங்களும் நடித்தார்கள். கடைத்தெருவை மேடையில் காட்ட, கடைத்தெருவில் நிற்கிற ஆட்களையே கொண்டுவந்து நிறுத்தினார். பிற்காலத்து தன்வீரின் விதை இதில் இருக்கிறது. ஆனால் அதை அப்போது அவர் ஒரு கொள்கையாக உணர்ந்திருந்தார் என்று சொல்ல முடியாது. உணர்ந்திருந்தால் அடுத்த வருஷமே லண்டனுக்குப் போயிருக்க மாட்டார்.

1955இல் ராயல் அகாதெமி ஆஃப் டிராமடிக் ஆர்ட். அதற்குப் பிறகு பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளி. ராயல் அகாதெமியில் நடிப்புப் பயிற்சியின் அடிப்படை ஆங்கிலப் பேச்சு. பேச்சு பாஷையோடு ஒட்டியது, உடம்பின் அசைவு பேச்சோடு ஒட்டியது, ஆகவே இன்னொரு பாஷையின் அசைவைக் கற்றுக்கொண்டு போய் என் பாஷையில் நான் என்ன செய்வது என்பது அவருக்கு அங்கே எழுந்த கேள்வி. பிற்காலத்துப் பேட்டிகளில் இதை அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து ஐரோப்பாவைச் சுற்றினார். 1956இல் பெர்லின் போய்ச் சேர்ந்தபோது, தான் பார்க்க நினைத்த பெர்டோல்ட் பிரெக்ட் சில வாரங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். பிரெக்டின் குழு இருந்தது, நாடகங்கள் நடந்துகொண்டிருந்தன. மாதக்கணக்கில் அங்கே தங்கி அவற்றைப் பார்த்தார். இதை வைத்துக்கொண்டு தன்வீரைப் பிரெக்டின் சீடர் என்று வகைப்படுத்துவது நம்மவர்களுக்குச் சௌகரியமாக இருக்கிறது. நான் பார்த்த வரையில், அவர் பிரெக்டிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரே ஒரு தைரியம். கதையை ஒரு பாட்டு இடைமறித்தால் கதை கெட்டுப்போகாது என்கிற தைரியம். அது ராய்ப்பூர்ப் பக்கத்து விடியவிடிய ஆட்டங்களில் என்றைக்கும் இருந்ததுதான். வீட்டில் இருப்பது வீட்டுக்கு உரியதுதான் என்று நமக்குத் தெரியவருவதற்குச் சில சமயம் பெர்லின் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. இதில் கேவலம் எதுவும் இல்லை.

1958இல் திரும்பினார். பேகம் குத்ஸியா ஜைதியின் ஹிந்துஸ்தானி தியேட்டருக்காக 'மிட்டி கி காடி' தயாரித்தார். சூத்ரகரின் மிருச்சகடிகம். தமிழில் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்று மொழிபெயர்த்தது இதைத்தான். இந்த நாடகத்துக்கு அவர் ராய்ப்பூரிலிருந்து ஆறு நாச்சாக் கலைஞர்களை டில்லிக்கு அழைத்து வந்தார்.

நாச்சா என்பது சத்தீஸ்கர்க் கிராமங்களில் இரவு முழுவதும் நடக்கிற ஆட்டம். பாட்டு, நடனம், நடுநடுவே 'கம்மத்' என்று சொல்கிற ஹாஸ்யத் துண்டுகள். நம் கட்டியங்காரனைப் போலக் கோமாளிகள் அதில் பிரதானம். பெண் வேஷத்தை ஆண்களே கட்டுவது மரபு. எழுதிய பிரதி கிடையாது. ஒரு கதைச் சரடு இருக்கும், மீதி அந்தந்த ராத்திரியில் பிறக்கும்.

ஸம்ஸ்கிருத நாடகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்குப் பண்டிதர்கள் கேட்ட கேள்வி இது. மிருச்சகடிகத்தில் இடம் சட்டென்று மாறும். தெரு, வீடு, தோட்டம், நீதிமன்றம். மேலைநாட்டு பாணியில் காட்சி ஜோடனை வைத்து ஆடுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. தன்வீரின் விடை எளிமையானது. ஒரு நடிகன் மேடையை ஒரு சுற்றுச் சுற்றினால் இடம் மாறிவிட்டது. நாட்டிய சாஸ்திரத்தில் இதற்கு விதி இருக்கிறது. அந்த விதியைப் படிக்காத நாச்சாக்காரன் அதைத் தினம் செய்துகொண்டிருக்கிறான். நம் தெருக்கூத்தில் துரியோதனன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அஸ்தினாபுரத்திலிருந்து காட்டுக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸம்ஸ்கிருத நாடக மரபு செத்துவிட்டது என்று நினைத்துச் சுவடியில் தேடுகிறவர்களிடம், அதன் சில பகுதிகள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் கால்களில் நடமாடுகின்றன என்று காட்டினார். இது விமர்சன ரீதியாகவே ஒரு பெரிய கண்டுபிடிப்பு.

ஆனால் நாடகம் அவருக்கு முழுத் திருப்தி தரவில்லை. அடுத்த வருஷம், 1959இல், மோனிகா மிஸ்ராவோடு சேர்ந்து நயா தியேட்டரை ஆரம்பித்தார். அதற்குப் பிறகு சுமார் பதினான்கு வருஷங்கள் விட்டுவிட்டு நாடகங்கள், பணமுடை, கிராமக் கலைஞர்களோடு முயற்சி. ஏதோ ஒன்று பொருந்தவில்லை. கிராமத்தில் ராத்திரியெல்லாம் ஜனங்களைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு நடிகன் டில்லி மேடையில் ஏன் கட்டை மாதிரி நிற்கிறான் என்பது அவருக்குப் புரியவில்லை.

இந்த இடத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் கடைசியில் சென்னையில் நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு நவீன நாடகத்துக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். கூத்துக் கலைஞர் ஒருவரைச் செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரவழைத்திருந்தார். அறுபது வயதுக்காரர். முறுக்கான உடம்பு. ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹால். தரையில் சாக்பீஸால் கோடுகள் போட்டிருந்தார்கள். இந்த வசனம் முடிந்ததும் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு மூன்றடி வைத்து வர வேண்டும். பெரியவர் வசனத்தை மனப்பாடம் செய்திருந்தார். நண்பர் எழுதிய சுத்தமான எழுத்துத் தமிழ். சொன்னார், நடந்தார். தபால் கொடுக்க வந்தவர் மாதிரி இருந்தது. இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு நின்று, "தம்பி, மத்தளம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இதுல மத்தளம் கிடையாதுங்க வாத்தியாரே" என்றார் நண்பர்.

"அப்ப நான் யாரப் பாத்து ஆடறது?"

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நண்பரும் சிரித்துவிட்டு, ஜனங்களைப் பார்த்து ஆடுங்கள் என்றார். பெரியவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை. கழனி வேலை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

அவர் கேட்டதில் நாடகக் கலையின் முழுச் சிக்கலும் இருக்கிறது என்பது தன்வீரைப் பற்றிப் படிக்கும்போதுதான் எனக்குத் தெளிவாயிற்று. கூத்துக்காரரின் கால் மத்தளத்துக்குக் கட்டுப்பட்டது. அவர் நாக்கு அந்தப் பக்கத்துப் பேச்சுக்குக் கட்டுப்பட்டது. இரண்டையும் அவிழ்த்துவிட்டு ஆளை மட்டும் மேடைக்குக் கொண்டுவந்தால் வருவது கூத்துக்காரர் இல்லை, அவருடைய சட்டை. தன்வீர் பதினான்கு வருஷம் முட்டிக்கொண்ட சுவர் இதுதான். காரணங்களை அவரே பின்னால் இரண்டாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று, சத்தீஸ்கரி பேசுகிறவர்களைக் கடிபோலி ஹிந்தியில் பேசவைத்தது. இரண்டு, எங்கே நிற்பது எந்தப் பக்கம் திரும்புவது என்று ஆங்கிலப் பள்ளியில் கற்ற முறைப்படி முன்கூட்டியே வகுத்துக் கொடுத்தது. எழுத்தறியாத, கிராமத்தில் எந்தப் பக்கம் கூட்டம் எதிர்வினை காட்டுகிறதோ அந்தப் பக்கம் திரும்பிப் பழகிய நடிகனுக்கு வலம் இடம் என்கிற மேடைக் கணக்கு ஒரு விலங்கு. இரண்டையும் விட்டார். இவ்வளவு சின்ன விஷயமா என்று தோன்றலாம். இயக்குநனாக ஒருவன் கற்றதெல்லாமே இந்த இரண்டுதான் என்று யோசித்தால் அது சின்ன விஷயம் இல்லை என்பது தெரியும்.

1973இல் ராய்ப்பூரில் நாச்சாக் கலைஞர்களோடு ஒரு மாதப் பட்டறை. பழைய கம்மத் துண்டுகள் மூன்றைக் கோத்து ஒரு நாடகம் உருவாயிற்று. 'காவ் கா நாம் ஸஸுரால், மோர் நாம் தாமாத்'. ஊர் பேர் மாமனார் வீடு, என் பேர் மாப்பிள்ளை. சத்தீஸ்கரி தெரியாத டில்லி ஜனங்கள் அதை ரஸித்தார்கள். அதற்குப் பிறகு 1975இல் 'சரண்தாஸ் சோர்'.

மூலக்கதை ராஜஸ்தானி எழுத்தாளர் விஜய்தான் தேத்தா வாய்மொழியிலிருந்து எடுத்து எழுதியது. சரண்தாஸ் ஒரு திருடன். போலீஸிடமிருந்து தப்ப ஒரு சாமியாரிடம் வந்து மாட்டிக்கொள்கிறான். விளையாட்டாக நான்கு சத்தியம் செய்கிறான். தங்கத் தட்டில் சாப்பிட மாட்டேன், யானை மேல் ஊர்வலம் போக மாட்டேன், ராணியைக் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன், நாட்டுக்கு ராஜாவாக மாட்டேன். திருடனுக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது? குருவோ திருட்டை விடச் சொல்கிறார். அது என் தொழில், விட முடியாது என்கிறான். அப்படியானால் பொய் சொல்லாதே. சரி என்கிறான். அதன் பிறகு ஒவ்வொன்றாக எதிரே வந்து நிற்கின்றன. தங்கத் தட்டு, யானை, ராணி, ராஜ்யம். ஒவ்வொன்றையும் மறுக்கிறான். ராணி கடைசியாகக் கேட்பது மிகச் சின்னது. நான் உன்னைக் கேட்டேன், நீ மறுத்தாய் என்பதையாவது வெளியே சொல்லாதே. அந்த வாக்கையும் அவனால் தர முடியவில்லை. கொல்லப்படுகிறான்.

எண்பதுகளில் டில்லியில் இந்த நாடகத்தைப் பார்த்தேன். ஃபிதா பாய் ராணி. எனக்குச் சத்தீஸ்கரி ஒரு வார்த்தை தெரியாது. ஹிந்தியே அப்போது பஸ் கண்டக்டரிடம் பேசுகிற அளவுதான். மேடை வெறும் மேடை, ஒரு சின்ன மேடு, பின்னால் ஒரு மரக்கிளை. பாட்டுக்காரர்கள் ஓரத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மத்தளம் எந்தப் பக்கம் என்று அங்கே யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முக்கால் பங்கு நேரம் ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்பே அவன் செத்துப்போகிறான். ஒருவனுடைய சாவு துக்க நாடகத்தின் தயாரிப்புகள் எதுவும் இல்லாமல் இப்படி வந்து விழுந்ததை நான் அதற்கு முன்னால் மேடையில் கண்டதில்லை. சத்தியத்துக்காகச் சாகிற ஹரிச்சந்திரனை நாம் பார்த்திருக்கிறோம். அவனுக்குச் சத்தியம் பெருமை, குலதர்மம். சரண்தாஸுக்கு அது ஒரு தொல்லை. விளையாட்டாக வாயிலிருந்து விழுந்த சொல் அவனை மெல்ல மெல்ல மனிதனாக்கிவிடுகிறது, கொன்றும்விடுகிறது. இதைத்தான் நான் நவீனம் என்று சொல்வேன். உடுப்பிலும் வெளிச்சத்திலும் நவீனத்தைத் தேடுகிறவர்களுக்கு அந்த மேடையில் கிடைப்பது ஒன்றுமில்லை.

இந்த நாடகம் 1982இல் எடின்பரோ விழாவில் ஃபிரின்ஜ் ஃபர்ஸ்ட் விருது பெற்றது. ஷியாம் பெனகல் 1975இல் இதே கதையைச் சிறுவர் படமாக எடுத்தார், ராணியாக ஸ்மிதா பாட்டீல். பட்டியல் போட இன்னும் நிறைய உண்டு. 1972 முதல் 1978 வரை ராஜ்ய சபை உறுப்பினர், 1983இல் பத்மஸ்ரீ, 2002இல் பத்மபூஷண். இவை வேண்டியவர்கள் தேடிக்கொள்ளலாம்.

என்னை உறுத்துகிற கேள்வி ஒன்று பாக்கி. 'சரண்தாஸ் சோர்' யாருடையது? கதை ராஜஸ்தானத்து வாய்மொழி, தேத்தாவின் கை. பாடல்கள் சத்தீஸ்கர்க் கவிஞர்களுடையவை. சத்தியமே கடவுள் என்கிற உணர்ச்சி சத்நாமிகளுடையது. வசனத்தில் பெரும்பகுதி ஒத்திகையில் நடிகர்களின் வாயிலிருந்து பிறந்தது. மதன் நிஷாத், லாலுராம், தாக்கூர்ராம், புல்வாராம், ஃபிதா பாய், கோவிந்தராம் நிர்மல்கர், இவர்கள் இல்லாமல் அந்த நாடகம் இல்லை. புத்தக அட்டையில் ஒரே ஒரு பெயர், ஹபீப் தன்வீர். அதிகாரத்தைக் கழித்தவர் என்று அவரைச் சொன்னேன். கழித்த பிறகும் மிஞ்சியது எவ்வளவு என்று பார்க்க வேண்டாமா? பல கம்மத்துகளில் எதை எடுப்பது, எதை வெட்டுவது, இரவு முழுவதும் நடக்கிறதை இரண்டு மணி நேரத்துக்கு எப்படிச் சுருக்குவது, இதெல்லாம் அவர் முடிவு. அவர் கிராமத்துக்காரர் இல்லை என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. பைப்பும் பெரேயும் வைத்துக்கொண்டு நாச்சாக்காரனாக வேஷம் போடவும் இல்லை. தேர்ந்தெடுப்பது ஒரு சிருஷ்டிதான், அதற்கு ஒரு பெயர் வேண்டியதுதான் என்று அவர் பக்கம் வாதிடலாம். நானும் பெருமளவு ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த நடிகர்களுக்கு இதெல்லாம் என்னவாக இருந்தது என்று சொல்வதற்கு அவர்களில் யாரும் சிறுபத்திரிகைக்குக் கட்டுரை எழுதவில்லை. கோவிந்தராம் நிர்மல்கருக்கு 2009இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மற்ற பெயர்கள் நாடக ஆய்வாளர்களின் அடிக்குறிப்புகளில் இருக்கின்றன.

ஆனால் ஒன்று. இந்தக் கேள்வியை நாம் தன்வீரிடம் கேட்க முடிகிறது என்பதே அவர் செய்த வேலையின் விளைவு. நாட்டார் கலையை 'உபயோகித்த' மற்றவர்களிடம் இதைக் கேட்கவே இடமில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தியா முழுவதும் 'வேர்களைத் தேடும் நாடகம்' என்று ஓர் அலை அடித்தது. 1984இல் சங்கீத நாடக அகாதெமி மரபு வடிவங்களை வைத்து வேலை செய்கிற இளம் இயக்குநர்களுக்கு உதவ ஒரு திட்டமே வகுத்தது. நல்ல நாடகங்கள் சில வந்தன. பெரும்பாலும் வந்தது என்ன? தலையில் கிரீடம், முகத்தில் வர்ணம், நான்கு அடவு, ஒரு திரைச்சீலை. உள்ளே இருந்தவர்கள் நகரத்து இளைஞர்கள். வடிவம் வந்தது, வடிவத்துக்கு உரியவன் வரவில்லை. தன்வீர் நேர்மாறாக ஆட்களை எடுத்துக்கொண்டார், வடிவத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. நாச்சாவை நாச்சாவாகக் காப்பாற்ற வேண்டும் என்கிற மியூஸியம் புத்தியும் அவரிடம் இல்லை. அந்த நடிகர்களை வைத்தே ஷேக்ஸ்பியரின் நடுவேனில் கனவை 1993இல் செய்தார்.

தமிழில் நடந்ததையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1977இல் காந்திகிராமத்தில் ராமானுஜம் நடத்திய பட்டறை, அதே ஆண்டு ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை. முத்துசாமி புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைக் கண்டு, நமக்கென்று ஒரு நாடகம் இங்கே இருக்கிறது என்று நகரத்து எழுத்தாளர்களிடம் பிடிவாதமாக வாதாடினார். அதற்கு முன்னால் கூத்து என்றால் நம்மில் பலருக்கு ஊர்ப்புறத்துச் சத்தம். அந்தக் கடன் நமக்கு இருக்கிறது. அவர் எடுத்த பாதை வேறு. கூத்தின் பயிற்சியைக் கொண்டு ஒரு புதிய நடிகனை, முழுநேர நடிகனை நகரத்தில் உருவாக்குவது. அந்தப் பாதைக்கு அதற்குரிய நியாயம் உண்டு. புரிசையில் ஆடுகிறவர்கள் தங்கள் ஊரிலேயே, தங்கள் ஜனங்களுக்கே ஆடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களைப் பெயர்த்து எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லலாம். ஆனால் நாக்கின் விஷயம் அப்படியே நிற்கிறது. நம் நவீன நாடகங்களின் தமிழ் இன்றைக்கும் யாருடைய வாய்த் தமிழ்? பத்திரிகையில் படிக்கும்போது அந்த வசனங்களின் இறுக்கம் நம்மைக் கவர்கிறது. அதை உடம்போடு சேர்த்துச் சொல்லக்கூடிய ஜில்லா எது?

கடைசியாக ஒன்று. ஜனங்களின் பாஷைக்குப் போனால் ஜனங்கள் மாலை போட்டு வரவேற்பார்கள் என்று நினைப்பதும் அசட்டுத்தனம். நாச்சாக் கலைஞர்கள் பல பத்தாண்டுகளாக ஆடிவந்த 'போங்கா பண்டித்' தீண்டாமையைக் கேலி செய்கிற நாடகம். கிராமத்தில் யாரும் அதற்குக் கல்லெடுக்கவில்லை. 1992 டிசம்பருக்குப் பிறகு, அதை நடத்துகிறவரின் பெயர் ஹபீப் என்பது சிலருக்கு ஞாபகம் வந்தது. மேடைகளில் கலாட்டா. 2003இல் மறுபடியும். எண்பதை நெருங்கிய மனிதர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அவர் இறந்து சுமார் இரண்டு மாதத்தில், 2009 ஆகஸ்டில், சத்தீஸ்கர் அரசு 'சரண்தாஸ் சோர்' மீது தடை விதித்தது. சத்நாமிகளின் மனம் புண்பட்டதாகப் புகார். எந்த ஜனங்களின் சத்தியத்தைக் கேட்டு அந்த நாடகம் உருவாயிற்றோ அவர்களின் பெயராலேயே. 1970களில் பிலாயில் இதன் முதல் வடிவத்தைச் சத்நாமிகளின் கூட்டத்தில்தான் ஆடிக் காட்டினார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். இடையில் முப்பத்தைந்து வருஷங்கள். கேட்டவர்களும் மாறிவிட்டார்கள், அவர்களின் பெயரால் பேசுகிறவர்களும் மாறிவிட்டார்கள்.

இதைக் காட்டி, பார்த்தீர்களா, நம் சிறு வட்டமே பத்திரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். புத்தகக் கடைக்கு யாரும் தடை போடுவதில்லை என்பது உண்மைதான். அதற்கு அவசியம் ஏற்படுவதில்லை. வெள்ளரிக்காரன் வாசலில் வந்து பாட்டுக் கேட்கும்போது அவனைத் துரத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்வது ஒரு காரியம். கேட்டதை எழுதிக் கொடுத்த பின், அவன் அதைத் தன் குரலில், தன் தெருவில், எழுதியவன் நினைக்காத ராகத்தில் பாடும்போது பின்னால் ஓடித் திருத்தாமல் இருப்பது அதைவிடப் பெரிய காரியம். தன்வீர் முதலாவதை 1954இலேயே தெரிந்துகொண்டார். இரண்டாவதற்கு 1973 வரை ஆயிற்று. நம் நாடகங்கள் அச்சில் இருக்கின்றன, நல்ல நாடகங்களும் அவற்றில் உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, வசனத்தை அவர் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே மாற்றிச் சொல்லலாம் என்று ஒரு கூத்து வாத்தியாரிடம் கொடுக்க நம்மில் யார் தயார்? எழுதியவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. விமர்சகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளலாம்.